லடாக்கின் நிலமும் எல்லையும்

இரு நாடுகளுக்கிடையே மலை நிற்குமாயின், மழைநீர் இருபுறமும் பிரிந்தோடும் முகட்டையே எல்லையாகக் கொள்வது பெருவழக்கு. நிலநூலார் அதனை நீர்ப்பிரிமேடு என்பர். ஓடும் நீரே கோட்டை வகுத்துவிடுதலின் பூசலுக்கு இடமிராது என்பது கருத்து. இவ்விதி கைவிட்ட நிலம் கிழக்கு லடாக். காரணம் அதன் அமைப்பிலேயே உள்ளது.

இமயம், சன்ஸ்கார், லடாக், காரகோரம் என்னும் மலைத்தொடர்கள் அங்கே வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒன்றன்பின் ஒன்றாய் மதில்போல் நிற்கின்றன. பருவக்காற்றின் மழை இமயத்தின் தென்சரிவிலேயே பெரும்பாலும் பெய்து தீர்கின்றது. ஆதலின் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரம் ஆண்டிற்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழையே பெறுகின்றது. பனியுருகிய நீரை வாய்க்காலிற் கொணர்ந்தே வாற்கோதுமை விளைவிக்கின்றனர். மலைகளுக்கிடையே ஓடும் சிந்துவும், அதனுடன் பின்னர்க் கலக்கும் ஷியோக்கும் இந்நிலத்தின் பேராறுகள்.

காரகோரம் கணவாயில் விதி செவ்வனே பொருந்துகின்றது. தென்புற நீர் ஷியோக், சிந்து வழியே அரபிக்கடலை அடைகின்றது. வடபுற நீர் யார்க்கண்டு ஆற்றின் வழியே தாரிம் பாலையை நோக்கிச் செல்கின்றது. அக்கணவாய் எல்லை என்பதில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் வழக்கில்லை.

அதற்குத் தென்கிழக்கே, ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில் மரமின்றி விரிந்து கிடப்பது அக்சாய் சின் மேட்டுநிலம். வடக்கே குன்லுன் மலை, மேற்கே காரகோரம். இடையில் வீழும் நீரிற் பெரும்பகுதி எக்கடலையும் நாடாது, உப்பேரிகளில் தேங்கி வற்றிவிடுகின்றது. எம்மலையை நீர்ப்பிரிமேடு என்பது? அன்றியும், காராகாஷ் ஆறு இங்குத் தோன்றிக் குன்லுனை ஊடறுத்து வடக்கே செல்கின்றது. கல்வான் ஆறோ மேற்கே பாய்ந்து ஷியோக்கை அடைகின்றது. நீரைச் சான்றுக்கு அழைத்தால் அது இரு கட்சிக்கும் சான்று சொல்லும்!

1865இல் நில அளவையாளர் ஜான்சனின் பயணத்தையொட்டி எழுந்த படம், எல்லையைக் குன்லுன் வரை கொண்டுசென்றது. 1899இல் பிரிட்டிஷார் சீனாவுக்குத் தெரிவித்த யோசனையோ மேட்டுநிலத்தைப் பிளந்து, காராகாஷ் பக்கத்தைச் சீனாவுக்கு விட்டது. சீனா மறுமொழி தரவில்லை. 1957இல் சீனா அந்நிலத்தின் ஊடே சாலை அமைத்து முடித்தது. 1962இல் போர் மூண்டது. கல்வான் பள்ளத்தாக்கில் 2020 ஜூனில் நிகழ்ந்த கைகலப்பில் இந்திய வீரர் 20 பேர் மாண்டனர். தன் வீரர் நால்வர் இறந்ததாகச் சீனா அடுத்த ஆண்டு அறிவித்தது.