சொல்லாமல் அணையும் லேப்டாப்
வெயில் 45 டிகிரியைத் தொடும் தில்லிக் கோடையில் லேப்டாப்புகளுக்கும் மயக்கம் வருகிறது. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் பாதியில் நிற்க, திரை சட்டென்று இருண்டுவிடும். நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் சந்தைக்கு ஓடினால் ‘மதர்போர்டு போச்சு’ என்ற தீர்ப்பு காத்திருக்கலாம். பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: எப்போது அணைகிறது?

விசிறி இரைந்து, அடிப்பாகம் சுட்ட பிறகு என்றால், காரணம் சூடு. உள்ளே வெப்பம் சுமார் 100 டிகிரியைத் தாண்டினால், கருகாமல் தப்பிக்க பிராசஸர் தன்னையே நிறுத்திக்கொள்கிறது. விசிறியில் அடைந்த தூசியை நீக்கி, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் பெரும்பாலும் போதும். மெத்தைமேல் வைத்து வேலை செய்தால் காற்று வழி அடைபடும்.

சார்ஜரை உருவியதும் அணைந்தால் பேட்டரியின் ஆயுள் முடிகிறது. அது உப்பியிருந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. உடனே பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். சூடும் இல்லை, பேட்டரியும் சரி என்றால்தான் சார்ஜர், ராம், மதர்போர்டு மீது சந்தேகம் திரும்ப வேண்டும்.

எதுவானாலும், லேப்டாப் மறுபடி கண் திறந்ததும் முதல் வேலை ஆய்வேட்டை ஒரு பென் டிரைவில் நகலெடுப்பது. மதர்போர்டு நேரு பிளேஸில் கிடைக்கும். அத்தியாயம் கிடைக்காது.