ஆசிரியரும் கற்க வேண்டும்

ஆசிரியராக விரும்புவோர் முதலில் பயிற்சி பெற வேண்டும் என்பதை நேயர்கள் அறிவார்கள். ஆசிரியரான பின்னர் அப் பயிற்சி எப்பொழுது முடிவடைகிறது என்று வினவினால், விடை கூறுதல் எளிதன்று. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இவ் வினாவை மும்பைத் தமிழர் வாயிலிலும் கொணர்ந்து நிறுத்தியது. முதல் எட்டு வகுப்புகளில் கற்பிக்கும் ஆசிரியர்களுள், ஓய்வு பெற ஐந்தாண்டுகளுக்கு மேல் எஞ்சியிருப்போர், எக் காலத்தில் நியமனம் பெற்றவராயினும், இரண்டாண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று அத் தீர்ப்புக் கூறிற்று. தமிழ்நாட்டிலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் சென்ற வழக்குகளில் எழுந்த தீர்ப்பு அது.

இருபதாண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவர் மீண்டும் தேர்வு எழுதப் புகுவது முறைதானா என்ற வாதத்தில் நாம் இறங்கப் போவதில்லை. தேர்வு ஒருவரது அறிவை அளக்கும். இல்லாத அறிவை ஊட்டாது. அதை ஊட்டுவதற்கு என்ன ஏற்பாடு உண்டு என்பதே நாம் கேட்க விரும்புவது.

1964-66 கோத்தாரிக் கல்விக் குழு, ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை இரண்டு மூன்று மாதங்களேனும் பணியிடைப் பயிற்சி வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரம் என்கிறது. அதாவது ஐந்தாண்டுகளில் 250 மணி. நாளொன்றுக்கு ஆறு மணி என வைத்துக் கொண்டால் ஏறத்தாழ 42 நாட்கள். கோத்தாரிக் குழு கேட்ட குறைந்த அளவைக்கூட இது எட்டவில்லை.

நாட்களின் எண்ணிக்கையைவிடப் பெரிது, அந் நாட்களில் எதைக் கற்பிப்பது என்பது. மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்தி வந்துள்ளது. தாராவித் தமிழ்ப் பள்ளியில் அமர்ந்திருக்கும் குழந்தையை எண்ணிப் பாருங்கள். வீட்டில் நெல்லைச் சீமைத் தமிழ், தெருவில் இந்தி, பெயர்ப் பலகைகளில் மராத்தி. கடைக்காரர் 'பைந்தாலீஸ்' ரூபாய் என்கிறார். அச் சொல்லில் ஐந்து முன்னே ஒலிக்கிறது, நாற்பது பின்னே வருகிறது. மராத்தியிலும் அவ்வாறே. தமிழிலோ 'நாற்பத்தைந்து', எழுதும் வரிசையும் சொல்லும் வரிசையும் ஒன்று. தெருவில் எண்ணக் கற்ற பிள்ளை 45 எழுத வேண்டிய இடத்தில் 54 என்று எழுதினால் வியப்பதற்கில்லை. காரணம் அறியாத ஆசிரியர் அதைக் கவனக் குறைவு என்று கண்டிப்பார். அறிந்தவர் இரு சொற்களையும் பலகையில் அருகருகே எழுதிக் காட்டுவார். பாடம் அங்கேயே பிறந்துவிடும்.

இது நமது கற்பனைச் சிக்கலன்று. 2019இல் மகாராஷ்டிரப் பாடநூல் நிறுவனமான பாலபாரதி, இரண்டாம் வகுப்புக் கணித நூலில், மராத்தி எண்களைப் பத்து முன்னே வருமாறு படிக்கும் முறையைப் புகுத்தியபொழுது மாநிலம் முழுவதும் வாதம் மூண்டது. கணிதக் குழுவின் தலைவியான மங்களா நார்லீகர், குழந்தைக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதையே காரணமாகக் காட்டினார். தமிழ் ஆசிரியர்க்கு அவ் வசதி மொழியிலேயே அமைந்திருக்கிறது. ஆனால் அதைச் சுட்டிக்காட்டும் பயிற்சியை அவர் எங்கே பெறுவார்? அரசாணைகள் மராத்தியில் வருகின்றன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அறிவோம்: ஆணையின் சொற்கள் பெயர்ந்து வந்துவிடும், அதன் கருத்து வகுப்பறையை அடையுமுன் பாதி தேய்ந்திருக்கும்.

அண்டைப் பள்ளிகள் ஒரு தொகுதியாக இணைந்து, ஆசிரியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பது கோத்தாரிக் குழு காட்டிய மற்றொரு வழி. மும்பைத் தமிழாசிரியர்க்கு அது மிகவும் பொருந்தும். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகியவை ஒன்றுக்கொன்று தொலைவில் இல்லை. மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் கூடினால், பத்து மாதத்தில் 20 மணியாகும். உள்ளூர்ப் பயிலரங்குகளையும் 2020ஆம் ஆண்டுக் கொள்கை ஏற்கிறது. இடத்திற்கும் பஞ்சம் இராது: 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை மாட்டுங்காவில் நிறுவிய தலைமுறை, பள்ளி வேண்டுமென்று எவரையும் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை.

முதற் கூட்டத்திற்குப் பேச்சாளர் தேவையில்லை. ஒவ்வோர் ஆசிரியரும் பிழை மிகுந்த மாணவர் நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கையில் கொண்டு வரட்டும். அப் பிழை எதனால் நேர்ந்தது என்பதை மற்றவர்களுடன் அமர்ந்து ஆராய்வதற்கே அந்த இரண்டு மணி நேரம் போதாது.