மருத்துவம் பயில எந்தப் பிரிவு?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தவுடன் நம் கைக்கு வருவது பிளஸ் ஒன் சேர்க்கைப் படிவம். எங்கள் வகுப்பில் டாக்டராக விரும்பும் தோழியர் பலர். 1938-இல் தோன்றிய ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் அருகே வளர்ந்தவர்களுக்கு அவ்வாசை எழுவதில் வியப்பென்ன? எங்களில் சிலர் பிறந்ததே இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில்தான்.

அமெரிக்காவில் முதலில் நான்காண்டுப் பட்டம் பெறுகின்றனர். வரலாற்றை முதன்மைப் பாடமாக எடுத்தவரும், வேண்டிய அறிவியல் பாடங்களை முடித்திருந்தால், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். நம் நாட்டிலோ பிளஸ் டூ முடித்த கையோடு எம்.பி.பி.எஸ். ஆகவே பதினைந்து வயதிலேயே முடிவு செய்தாக வேண்டும். 1978-இல் மேனிலைக் கல்வி வருமுன் படித்த பாட்டிமார் கல்லூரியில் பி.யூ.சி. வகுப்பில் இம்முடிவை எடுத்தனர்.

நம் முன் இருப்பவை இரண்டு. ஒன்று இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம். மற்றொன்று கணிதத்தை விட்டு, தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனியே பயிலும் 'ப்யூர் சயின்ஸ்'. நீட் தேர்வுக்கு இரண்டும் ஏற்றவையே. அதன் 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்கு உரியவை, கணிதத்திற்கு ஒன்றுமில்லை. "பிறகு கணக்கு எதற்கு?" என்று உறவினர் கேட்பது இதனால்தான்.

ஆனால் இயற்பியலுக்கு 180 உண்டு. பிளஸ் ஒன் இயற்பியல் நூலைப் புரட்டினால் இரண்டாம் பாடத்திலேயே வெக்டரும் நுண்கணிதமும் வந்து நிற்கின்றன! கணக்கை விட்டாலும் கணக்கு நம்மை விடுவதில்லை. மேலும், மருத்துவ இடம் கிடைக்காவிடில் பொறியியல் பக்கம் திரும்பக் கணிதம் வேண்டும். துறைமுகத்திலும் எண்ணூர்த் தொழிற்சாலைகளிலும் தந்தையர் உழைக்கும் எங்கள் வீடுகளில், மறுபடியும் ஓராண்டு பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுவது எளிதன்று. எனவே கணக்கில் ஓரளவு தேறுபவர்கள் முதற்பிரிவை எடுப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. கணக்கென்றால் காய்ச்சல் வரும் தோழியர் தயங்காமல் ப்யூர் சயின்ஸ் எடுக்கலாம். வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அவர்களும் விண்ணப்பிக்கலாம்.

இன்னொரு செய்தி. 2020-இல் தமிழக அரசு வழங்கிய 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கே. அரசு உதவி பெறும் பள்ளி மாணவியருக்கு அது இல்லை. பிளஸ் ஒன்னுக்கு மட்டும் அரசுப் பள்ளிக்கு மாறினாலும் கிட்டாது. இதை நம்பிப் பள்ளியை விட்டுப் போக எண்ணுவோர் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கலைப் பிரிவையோ வணிகப் பிரிவையோ எடுத்துவிட்டுப் பின்னர் மனம் மாறுவோருக்கும் வழி முற்றிலும் அடைபடவில்லை. பிளஸ் டூ முடித்தபின் இயற்பியல், வேதியியல், உயிரியலைக் கூடுதல் பாடங்களாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. சுற்றுவழிதான். எனவே படிவத்தில் கையெழுத்திடுமுன் பிளஸ் ஒன் அக்காமாரிடம் இயற்பியல் நூலை ஒருநாள் இரவல் கேளுங்கள், தோழியரே!