அம்மம்மாவும் விண்டோஸ் 98உம்

இந்தக் கிழமை எபிசோடில் நான் பாதியில் விட்ட சீடிக் கதை இது.

அப்பா டாண்டினோங் வீட்டு கராஜைத் துப்புரவாக்கும்போது ஒரு சீடி கிடைத்தது. 1999இல் வார இறுதித் தமிழ் வகுப்புக்காகச் சில பெற்றோர் சேர்ந்து செய்தது. அதில் கதை வாசித்தது எங்கட அம்மம்மா. அவ இப்ப இல்லை. அவவின்ர குரல் வேறு எதிலும் எங்களிட்ட இல்லை.

"எறிஞ்சு போடாதை மோனை, அதுக்குள்ள அம்மம்மா இருக்கிறா" என்றார் அப்பா.

என் லேப்டொப்பில் சீடி டிரைவே இல்லை. யூஎஸ்பி டிரைவ் ஒன்று வாங்கிக் கொழுவினேன். சீடி திறந்தது, ஆனால் புரோகிராம் ஓடவில்லை. அது 16-பிட் புரோகிராம். 64-பிட் விண்டோஸ் அதை ஓட்டாது. குரலெல்லாம் ஒரே பெரிய ஃபைலுக்குள் பூட்டிக் கிடக்கு. தனியாக எடுக்கவும் வழி தெரியவில்லை.

சரி, விண்டோஸ் 98ஐயே போடுவம் என்று, சும்மா கிடந்த 2012 காலத்து டெஸ்க்டொப்பில் இறங்கினேன். இன்ஸ்டோல் சீடியில் இருந்தே மெஷின் பூட் ஆனது. அடுத்த நிமிடம் "சீடி டிரைவ் இல்லை" என்கிறது! அதே டிரைவில இருந்துதானே இப்ப எழும்பினாய்?

காரணம் இதுதான். பூட் ஆகும்போது சீடியை வாசிப்பது பயோஸ். அதற்குப் பிறகு டாஸ் தன்ர சொந்த டிரைவரை வைத்துத் தேடும். அந்த டிரைவர் ஐடிஈ கேபிள் காலத்து ஆள். பழைய ஐடிஈ முகவரிகளை மட்டும்தான் தட்டிப் பார்க்கும். சாட்டா டிரைவ் ஏஹெச்சிஐ முறையில் ஓடினால் அந்த முகவரியில் ஒருவரும் இல்லை. வீடு மாறிப் போனவரைப் பழைய விலாசத்தில் தேடுற மாதிரி.

பயோஸில் சாட்டாவை 'லெகசி ஐடிஈ' என்று மாற்றினேன். டிரைவ் தெரிந்தது! ஆனால் விண்டோஸ் எழும்பவில்லை. 512 எம்பிக்கு மேல் ரேம் கண்டாலே விண்டோஸ் 98 தடுமாறும். என்னுடையதில் 8 ஜிபி. புது போர்டுகளில் அந்த லெகசி தெரிவே கிடையாது.

இரண்டு வார இறுதி வீணான பிறகுதான் உறைத்தது: நான் காப்பாற்ற வேண்டியது டிரைவை இல்லை, சீடியை. விண்டோஸ் 98 இன்னும் பத்து வருசம் கழித்தும் கிடைக்கும். வீட்டில் எழுதிய சீடியில் தரவு இருப்பது ஒரு சாயப் படலத்தில். அது காலப்போக்கில் பழுதாகும்.

ஆகவே இந்த ஒழுங்கில் செய்யுங்கோ:

1. யூஎஸ்பி டிரைவில் போட்டு முழுச் சீடியையும் இமேஜாக எடுங்கோ. கீறல் இருந்தால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ பொறுமையாக வாசிக்கும். பாட்டு ட்ராக்கும் சேர்ந்து இருந்தால் ஐஎஸ்ஓ போதாது. பின்-கியூ ஆக எடுங்கோ.

2. 86பொக்ஸ் எமுலேட்டரில் விண்டோஸ் 98 போடுங்கோ. அது பழைய பென்டியம் மெஷினையே, ஐடிஈ டிரைவோடு, அப்படியே நடிக்கும்.

3. அந்த டிரைவுக்குள் உங்கட இமேஜைப் போடுங்கோ.

ஞாயிறு இரவு ஓடியது. முதல் கதை காகமும் வடையும். நடுவில் அம்மம்மா ஒருக்கா இருமுகிறா. அதை ஒருவரும் வெட்டவில்லை. அப்பா அந்த இடத்தை மட்டும் மூன்று தரம் போடச் சொன்னார்.

இந்த வார இறுதி உங்கட அம்மா அப்பாவின்ர அலுமாரியை ஒருக்கா திறந்து பாருங்கோ. இமேஜ் எடுத்து வையுங்கோ. மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

அடுத்த கிழமை சந்திப்பம்!