பழுது பார்க்காத அணையும் பறிபோன நீரும்

வோபர்ன் பகுதியை ஒட்டி ஓடும் ஹைலண்ட் சிற்றாற்றங்கரையில் எம்மவர் பலர் மாலையில் நடப்பதுண்டு. கரையைச் செப்பனிடும் வேலைக்காகப் பாதை அடைக்கப்பட்டால் முணுமுணுப்பதும் உண்டு. ஆனால் 2005 ஆகஸ்ட் 19 ஆம் திகதிப் பெருமழையின்போது இதே சிற்றாறுதான் கரையை அரித்து, கழிவுநீர்க் குழாயை உடைத்தெறிந்தது. சிற்றாற்றின் வலிமையே இதுவெனில், பேராற்றின் குறுக்கே நிற்கும் பழைய அணையைப் பேணுவது எத்துணை பெரிய பணி! இதற்குத் தக்க சான்று, திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் உள்ள மேலணையாகும்.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரியாகவும், வடகிளை கொள்ளிடமாகவும் செல்கின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்து சரிந்தது. ஆதலால் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர் பெரிதும் அப்பக்கமே பாய, காவிரி மணல் மேடிட்டுத் தஞ்சை வயல்கள் வாடின. இதனைத் தடுக்கவே 1836 இல் ஆர்தர் கொற்றன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டுவித்தார். பாறையற்ற மணற்படுகையில் கிணறுகளை இறக்கி, அவற்றின் மீது கட்டடம் எழுப்பப்பட்டது. கதவுகள் பின்னாளில் பொருத்தப்பட்டன.

மணல்மேல் நிற்கும் அணைக்குப் பகை மேலே வரும் வெள்ளம் மட்டுமன்று. கதவைத் தாண்டி விழும் நீர், அணையின் கீழ்ப்புறத்து மணலை அரிக்கிறது. அங்கே பதித்த கருங்கற்கள் பெயர்ந்தால் பள்ளம் விழுகிறது. அடித்தளத்தின் கீழாகக் கசியும் நீரும் மணலைச் சிறிது சிறிதாகக் கொண்டு செல்கிறது. இவை கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. புறத்தே உறுதியாகத் தோன்றும் அணை அகத்தே வெறுமையாகிக் கொண்டிருக்கும்.

2018 இல் மேட்டூர் நிரம்பி, பெருவெள்ளம் திறந்துவிடப்பட்டது. ஆகஸ்ட் 22 ஆம் திகதி இரவு, மேலணையின் தென்பகுதியில் இருந்த 45 கதவுகளுள் 9 கதவுகள் அடித்துச் செல்லப்பட்டன. மேலிருந்த பாலத்தின் ஒரு பகுதியும் சரிந்தது. கட்டடத்தின் முதுமையையும் வெள்ளத்தின் வேகத்தையும் அரசு காரணமாகக் கூறியது. அளவற்ற மணல் அகழ்வே காரணம் என உழவர் அமைப்புகள் குற்றஞ்சாட்டின.

இரு கரை மக்களின் போக்குவரத்து அறுந்தது. பாறைகளையும் மணல் மூட்டைகளையும் கொண்டு உடைப்பை அடைக்கத் தொழிலாளர்கள் இரவுபகலாகப் பாடுபட்டனர். காவிரிக்குத் திருப்பப்பட வேண்டிய நீர் கொள்ளிடம் வழியே கடலுக்கு ஓட, வெள்ள ஆண்டிலேயே கடைமடை உழவர் நீருக்கு ஏங்கினர். பின்னர் பழைய அணைக்குச் சற்றுக் கீழே, 387 கோடி 60 இலட்சம் ரூபா மதிப்பீட்டில் புதிய கதவணை எழுப்பப்பட்டது.

காலத்தில் பழுது பார்த்திருந்தால் இடர் நேர்ந்திராதா? இடர் இருந்திருக்கும், ஆனால் அளவோடு இருந்திருக்கும். மரபுப்படி மேட்டூர் ஜனவரி 28 இல் மூடப்பட்டு ஜூன் 12 இல் திறக்கப்படுகிறது. இந்த நான்கரை மாதங்களே காவிரி அணைகளின் மராமத்துக்கு உரிய காலம். அக்காலத்தில் பாலம் மூடப்படலாம், வாய்க்கால் வறளலாம், மீனவர் வருவாய் இழக்கலாம். எனினும் அவை முன்னறிவித்து, ஈடு வழங்கிச் சமாளிக்கக்கூடிய துன்பங்கள். உடைப்பு எவருக்கும் முன்னறிவிப்புக் கொடுப்பதில்லை.

எமது மண்ணும் இதை அறியும். கடல்நீர் வடமராட்சி நீரேரிக்குள் புகாது தடுக்கக் கட்டப்பட்ட தொண்டைமானாற்று அணையின் கதவுகள், போர்க்காலத்தில் பராமரிப்பின்றிப் பழுதடைந்தன. குண்டு வீழ்ந்து அழிந்தவற்றை நாம் கணக்கெடுத்தோம். கவனிப்பின்றித் தேய்ந்தவற்றை எவரும் கணக்கெடுக்கவில்லை.

புதிய அணைக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. மராமத்துக்கு இரண்டுமில்லை. ஆதலால்தான் ஆட்சியாளர் அதனை ஒத்திவைக்கின்றனர். கல்வெட்டில்லாத அவ்வேலைக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்குமாறு வற்புறுத்துவதும், அதனால் தொழில் இழக்கும் ஏழைக்கு முன்கூட்டியே ஈடு கேட்பதும் குடிமக்களின் கடமை. பாதை அடைபட்டதற்கு முணுமுணுப்பவர்கள், அது ஏன் அடைக்கப்படவில்லை என்றும் ஒருநாள் கேட்கப் பழக வேண்டும்.