நீலப் பெட்டிக்குள் ஒரு ரகசியம்

கூடத்து மூலையில், குட்டி விளக்குகள் கண் சிமிட்ட ஒரு பெட்டி உட்கார்ந்துகொண்டு வீடு பூராவுக்கும் இன்டர்நெட் தருகிறதல்லவா? திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. ஆனாலும் அது ஒரு கம்ப்யூட்டர்தான்!

2002 டிசம்பரில் அமெரிக்காவின் லிங்க்ஸிஸ் கம்பெனி ‘டபிள்யூஆர்டி54ஜி’ என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. நீலமும் கறுப்புமாய், இரண்டு கொம்பு முளைத்த பெட்டி. அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்பதைச் சில கெட்டிக்காரர்கள் 2003-ல் மோப்பம் பிடித்துவிட்டார்கள். லினக்ஸை யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை வைத்துப் பண்டம் விற்றால், வாங்கியவருக்கு மூலநிரலையும் கொடுத்தாக வேண்டும். பட்சணம் விற்பவர் பக்குவத்தையும் எழுதித் தரவேண்டும் என்பது போல! கம்பெனியும் அந்த வருஷமே கொடுத்துவிட்டது.

பக்குவம் கிடைத்தது, அடுப்பு? பெட்டியில் இருந்தது 16 மெகாபைட் நினைவு, சேமித்து வைக்க வெறும் 4 மெகாபைட். அதற்குள் லினக்ஸைச் சமைப்பது நடக்கிற காரியமா? மேஜைக் கம்ப்யூட்டரில் சமைக்கலாமென்றால், அதன் ப்ராஸஸருக்குப் புரிகிற பாஷை வேறு. பெட்டியிலிருந்த ‘மிப்ஸ்’ ப்ராஸஸரின் பாஷை வேறு.

ரயில் பிரயாணத்துக்கு வீட்டிலேயே புளியோதரை கிளறிக் கட்டிக்கொள்கிறோமே, அதுதான் வழி. இங்கே ஓடி, அங்கே புரிகிற பாஷையில் எழுதித் தரும் கம்பைலர் ஒன்று வேண்டும். இதற்கு ‘க்ராஸ் கம்பைல்’ என்று பெயர். ஸ்வாரஸ்யமான சிக்கல் என்னவென்றால், முழுக் கம்பைலருக்கு ‘ஸி லைப்ரரி’ வேண்டும். அந்த லைப்ரரியைத் தயாரிக்கவோ கம்பைலர் வேண்டும்! உறைமோர் இல்லாமல் தயிர் ஏது? ஆகவே முதலில் ஓர் அரைகுறைக் கம்பைலர், அதைக்கொண்டு லைப்ரரி, பிறகு மறுபடியும் முழுக் கம்பைலர். நடுவே மேஜைக் கம்ப்யூட்டரின் சொந்தச் சரக்கு கொஞ்சம் கலந்துவிட்டாலும் போச்சு, பெட்டியில் ஓடாது. ரொம்பப் பொறுமை வேண்டிய வேலை.

இப்படித்தான் 2004-ல் ‘ஓப்பன்டபிள்யூஆர்டி’ பிறந்தது. கம்பெனி செய்து வைக்காத காரியங்களையெல்லாம் பெட்டியை வாங்கியவர்களே செய்துகொண்டார்கள். 2005-ல் கம்பெனி நினைவைப் பாதியாகக் குறைத்து, லினக்ஸையும் எடுத்துவிட்டது. ஆனால் ஆர்வலர்கள் விடுவார்களா? அவர்களுக்கென்றே லினக்ஸுடன் ‘ஜிஎல்’ என்று இன்னொரு பெட்டியையும் அதே வருஷம் விற்க வேண்டியதாயிற்று.

இன்று ஓப்பன்டபிள்யூஆர்டியை அதே மூலநிரலிலிருந்து ஆர்ம், இன்டெல், மிப்ஸ் என்று பல ஜாதி ப்ராஸஸர்களுக்கும் சமைக்கிறார்கள். ஆனால் அது வளர்ந்துவிட்டது. 4 மெகாபைட்டில் அடங்குவதில்லை. பெயரைக் கொடுத்த அந்த நீலப் பெட்டிக்கு மட்டும் இப்போது பந்தியில் இலை கிடையாது!