மூக்குக்குத் தெரிந்தது, நாக்குக்குத் தெரியவில்லை

ஆக்லாந்தின் சாண்ட்ரிங்காம் வீதியில் இந்திய, இலங்கைக் கடைகள் அதிகம். போன சனிக்கிழமை அங்கே மகளோடு நடந்தேன். ஒரு கடை வாசலில் நின்றவள், "அப்பா, இது அப்பம்மா வீட்டு வாசம்" என்றாள். என்ன வாசம் என்று கேட்டேன், சொல்லத் தெரியவில்லை. வறுத்த மல்லி. மணம் அவளிடம் இருக்கிறது, சொல் இல்லை.

அன்றிரவு அவளுக்கு பஜ்ஜு ஷியாமைப் பற்றிச் சொன்னேன். மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர். லண்டனில் ஓர் உணவகச் சுவரில் படம் வரையப் போய், இரண்டு மாதம் தங்கியவர். ஊர் திரும்பி நினைவிலிருந்து வரைந்தார். சென்னையின் தாரா புக்ஸ் 2004இல் அதை 'தி லண்டன் ஜங்கிள் புக்' என்று வெளியிட்டது. அதில் பிக் பென் ஒரு சேவல், சுரங்க ரயில் மண்புழு, பேருந்து நன்றியுள்ள நாய். புது ஊரைத் தன் ஊர்க் கண்ணால் பார்த்தார்.

நாமும் செய்யலாம்தானே? ஒரு கொப்பி, கலர் பென்சில் போதும். ஒரு நடைக்கு ஒரு பக்கம், கீழே ஒரு தமிழ்ச் சொல்.

எங்கள் முதல் பக்கம் மல்லி. இரண்டாவது, டிசம்பரில் பொஹுடுகாவா மரத்தடியில் கொட்டிக் கிடக்கும் குங்குமம். மூன்றாவது, 196 மீட்டர் உயர மவுங்காவாவ் எரிமலை. அதன் வாயை மகள் அப்பச்சட்டியாக வரைந்திருக்கிறாள்.

படத்தை அப்பம்மாவுக்கு அனுப்பினோம். "சட்டிக்கு எண்ணெய் பூசினனியோ பிள்ளை?" என்று கேட்டார். வழக்கமாக "சாப்பிட்டியோ" என்பதோடு முடிகிற பேச்சு, அன்று அரை மணி நேரம் நீண்டது.